ஷாங்க் வைத்த சார்ஜர்

மோகனாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரலால் நடுவில் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பாள். செருப்பு, சோபா, பஸ் சீட்டு, ஒருமுறை என் வீட்டில் வாங்கி வைத்திருந்த தர்பூசணி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் வேறு எப்படி இருப்பாள்? நானும் அதே ரூமில் பக்கத்து மெஷினில் தைத்தவள்தான். ஆனால் நான் தர்பூசணியை விட்டுவிடுவேன்.

அந்த ரூமில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் தோல் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும். மோகனாவுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். சாப்பாட்டு அறையில் இன்னொரு கூத்து. இருப்பது ஒரே பிளக். அதற்கு எட்டுப் பேர் சார்ஜரோடு நிற்போம். ஒருத்தி போனைப் பிடுங்கி இன்னொருத்தி சொருகுவாள், அப்புறம் ரெண்டு நாள் பேச்சு இருக்காது. இந்த இரண்டு எரிச்சலும் அவள் மண்டைக்குள் எப்படியோ ஒன்றாகிவிட்டன.

"சுகராக்கா, துண்டுத் தோல்ல ஒரு பலகை. ஒரே வயர். மேல வெச்சா போதும், போன், வாட்ச், காதுல மாட்டறது, மூணுக்கும் சார்ஜ் ஏறணும். பிளாஸ்டிக்கே இருக்கக் கூடாது" என்றாள்.

"மொதல்ல சோத்தத் துன்னு" என்றேன்.

சொன்னேனே தவிர, மேல்விஷாரத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தம்பி நவீத்திடம் அவளை அழைத்துப் போனதும் நான்தான். தூக்கிப் போட்ட சார்ஜர்களில் இருந்து நல்ல செம்புச் சுருள்களை அவன் பிரித்துக் கொடுத்தான். தோல் தூளை அழுத்திச் செய்த அட்டையில் குழி வெட்டி, அதில் சுருளை உட்காரவைத்து, மேலே மெல்லிய தோலை இழுத்துத் தைத்தாள். பசை கிடையாது. "ரிப்பேர்னா தையலப் பிரிச்சிக்கலாம். தூக்கிப் போடற பொருள நான் செய்ய மாட்டேன்" என்பது அவள் சட்டம். நவீத் மூன்று பொருளையும் மேலே வைத்துப் பார்த்தான். மூன்றுக்கும் ஏறியது.

ஏலகிரியில் ஒரு தங்கும் விடுதியின் மேனேஜர் பிரேம்நாத் அதைப் பார்த்துவிட்டு, முதலில் பத்து கொடுங்கள், சரியாக இருந்தால் எல்லா ரூமுக்கும் வாங்குகிறோம் என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பி மோகனா வேலையை விட்டாள். அவளை நம்பி நான் விட்டேன். கூடவே ஹேமலதாவும் இன்னும் இரண்டு பெண்களும். ஹேமலதா ஒடுகத்தூரில் இருந்து பஸ் மாறி வருகிறவள். அவள் வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவள் ஒருத்திதான். ஆழம் தெரியாமல் காலை விடுகிறோமோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல் இருந்தது. ஆனாலும் பைபாஸ் பக்கத்தில் ஒரு ஷட்டர் கடையைப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தோம்.

பத்தும் மலைக்குப் போய் ஒரு வாரத்தில் போன் வந்தது.

"மேடம், உங்க சார்ஜர் சூடாகுது. போன்ல சார்ஜ் ஏறல. பத்தும் அப்படித்தான். வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

மோகனா முகத்தில் ஈயாடவில்லை. மேஜையில், எல்லா ரூமுக்கும் என்று நம்பித் தைத்து முடித்த இன்னும் நாற்பது கிடந்தன. அவள் அந்த மூன்று பெண்களையும் பார்த்து, "கம்பெனில புது தையல் லைனுக்கு ஆள் எடுக்கறாங்க. இன்னிக்கோட முடியுது. போய்ப் பேர் குடுத்துடுங்க. எனக்கோசரம் காத்துனு இருக்காதீங்க" என்றாள். ஹேமலதா பையை எடுத்துக்கொண்டாள். நான் மட்டும் மோகனாவோடு பஸ் ஏறினேன். அவளை நம்பி வேலையை விட்டதில் எனக்குக் கோபம்தான். ஆனால் அவளைத் தனியாக விட மனசு வரவில்லை.

பிரேம்நாத் மரியாதையானவர். டீ கொடுத்துவிட்டுத்தான் பத்தையும் எடுத்து வைத்தார். ஒன்றின் மேல்தோலில் சூடு பட்டு நீளமாக ஒரு தடம் தெரிந்தது. மோகனா அதை விரலால் தடவினாள். பையிலிருந்து கத்தியை எடுத்து அங்கேயே தையலைப் பிரித்தாள். உள்ளே பளபளவென்று இரண்டு ஷாங்க்.

ஷூவின் அடிப்பாகம் நடுவில் தொய்யாமல் இருக்க உள்ளே வைக்கிற பட்டை இரும்புதான் ஷாங்க். முதல் சாம்பிள் நாளாக ஆகக் குழி இருந்த இடத்தில் லேசாகத் தொய்ந்துவிட்டது. தொய்ந்தால் ஷூக்காரி என்ன செய்வாள்? ஷாங்க் வைப்பாள். ஐம்பதிலும் வைத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள், கல் மாதிரி நின்றது, பாஸ் என்றாள். நானும் அழுத்தினேன், பாஸ் என்றேன். ஒருத்திக்காவது அதில் ஒரு போனை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. உள்ளே இரும்பு கிரும்பு கூடாது, அதுதான் சூடாகும், போனுக்கு ஏறாது என்று நவீத் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். எங்களுக்கு ஆணி இரும்பு, கத்தரி இரும்பு. ஷாங்க் எங்களுக்கு ஷாங்க்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"இன்னாக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் மூளைல ஷாங்க் வெச்சிட்டாங்களா?" என்றாள் மோகனா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஷாங்கை எடுத்துவிட்டால் மறுபடி தொய்யும். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சமையல்கட்டில் ஒருவர் மூங்கில் குச்சியில் கபாபுக்குக் கறி கோத்துக்கொண்டிருந்தார். "அண்ணா, அந்தக் குச்சி கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிக் கூர் முனைகளை நறுக்கி, குழியின் மேல் நெருக்கமாகப் பரப்பி, தோலை இழுத்துக் கையாலேயே தைத்தாள். இந்த முறை கட்டைவிரலுக்கு வேலை இல்லை. பிரேம்நாத் தன் போனையும் வாட்சையும் வைத்தார். இயர்பட் டப்பாவை வரவேற்பு மேஜைப் பெண் கொடுத்தாள். மூன்றுக்கும் ஏறியது. பிரேம்நாத் தன் டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடாகவில்லை.

"இத விட்டுட்டுப் போங்க. மத்த ஒன்பதோட, தெச்சு வெச்சிருக்கற நாப்பதையும் திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க. அப்புறம் ரூம் கணக்கு பேசலாம்" என்றார்.

கீழே இறங்கும் பஸ்ஸில் மோகனா ஹேமலதாவுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. ஷாங்க்தான் தப்பு, கபாப் குச்சி வைத்தால் போதும் என்று குரல் பதிவு அனுப்பினாள். கேட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

"லைன்ல சேந்திருப்பாங்க. வேலை நேரத்துல எப்படிப் பேசுவாங்க?" என்றாள். "நான்தானே போகச் சொன்னேன்." அதற்குப் பிறகு வாணியம்பாடி வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். நாற்பத்தொன்பது பலகையை நாங்கள் இரண்டு பேர் திங்கட்கிழமைக்குள் பிரித்துத் தைக்க முடியாது. அது எனக்கும் தெரியும்.

ஆம்பூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. கடையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. மோகனா குனிந்து உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று பெண்களும் தரையில் உட்கார்ந்து தையல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் உருவிய ஷாங்க் குவியல். இன்னொரு பக்கம், பிரியாணிக் கடை கடையாக ஏறி வாங்கிய குச்சிக் கட்டுகள்.

"கம்பெனிக்குப் போகலியா?" என்றாள் மோகனா.

"போனோம்க்கா. கேட்டுல நிக்கும்போதுதான் உன் மெசேஜ் வந்துச்சு" என்றாள் ஹேமலதா, கையில் இருந்த தையலைப் பிரித்துக்கொண்டே. "லைன் ரொம்ப நீளம். அங்க நம்மளுக்கு முன்னாடி நூறு பேர் கீறாங்க. இங்க நாப்பது பலகைக்கு மூணு பேர்தான் கீறோம்."

மோகனா அழுதாள், மறைக்கவும் இல்லை. ஹேமலதா நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.