பெட்டிப் பலகை நாற்காலி

அந்தத் தச்சருக்கு 'மாதிரிக்காரர்' என்று பட்டப்பெயர். மேசையோ அலமாரியோ, எதைக் கேட்டாலும் முதலில் தாளில் வரைவார். பிறகு சாமான் வந்திறங்கிய பெட்டிகளை உடைத்து, அந்த மட்டமான பலகையில் அதே அளவுக்கு முழுசாக ஒரு மாதிரி செய்வார். கேட்டவரை அதில் உட்கார வைப்பார், எழுப்புவார், குனியச் சொல்வார், கையை நீட்டச் சொல்வார். "ஐயா, நான் கேட்டது ஒரு ஸ்டூலு. உடற்பயிற்சி இல்ல!" என்று ஒருவர் கத்திவிட்டுப் போனதும் உண்டு.

எல்லாம் சரி என்று ஆன பிறகு, மாதிரியைத் துண்டு துண்டாகக் கழற்றுவார். ஒவ்வொரு துண்டையும் நல்ல மரத்தின்மேல் வைத்து, சுற்றிலும் கோடு போட்டு, அதன்படி அறுப்பார். நல்ல மரத்தில் அளவு தப்பினால் போனதுதான், பெட்டிப் பலகை போனால் போகட்டும் என்பது அவர் கட்சி. அதில் குற்றம் சொல்ல முடியாது. அவர் செய்த கதவு எதுவும் இன்றுவரை முனகியதில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்கும் பெட்டிப் பலகையில மாதிரி செஞ்சு பார்த்தீங்களா மாப்ளே?" என்று மனைவியின் அண்ணன் கேட்பார். வருஷக்கணக்காக இதே கேலி. தச்சரின் மனைவி மட்டும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்படிச் சிரிக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாகிவிட்டது, நுரையீரலில் நீர் கோர்க்கிறது என்றார் டாக்டர். படுத்தால் மூச்சு முட்டியது. சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழக வேண்டும் என்றார்கள். சொல்வது சுலபம்! கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்தால், கண் அசந்ததும் உடம்பு சறுக்கிக் கீழே வந்துவிடும். திணறிக்கொண்டு விழிப்பாள். கண்கள் குழி விழுந்து, ஆளே பாதியாகிவிட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. கொஞ்சம் தூங்கினாப் போதும்" என்றாள்.

தச்சர் தாளை விரித்தார். உட்காரும் பலகை பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்காது. கைப்பிடி அகலமாக இருந்தால் முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். தலை ஒரு பக்கம் சரியும்போது தாங்க, இரண்டு பக்கமும் சிறகு மாதிரிப் பலகை. வரைந்ததைப் பெட்டிப் பலகையில் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். உட்கார வைத்தார், எழுப்பினார், முதுகுப் பலகையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார், கைப்பிடியை இழைத்துத் தாழ்த்தினார். நாலாவது தடவை உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தால் சத்தம் கேட்குமே என்று அதைப் பிடித்தபடியே நின்றார்.

அதன்பிறகு அவள் அந்த நாற்காலியில்தான் தூங்கினாள். முகம் தெளிந்தது. அடுப்படி வரை நடந்துபோய், "உப்பை எங்கதான் வெச்சுத் தொலைச்சீங்க?" என்று சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்தது.

அப்போதுதான் அண்ணன்காரர் பார்க்க வந்தார். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முதுகுப் பலகையில் பெட்டிக்காரன் அடித்த எழுத்து அழியாமல் இருந்தது.

"என்ன மாப்ளே, ஊருக்கெல்லாம் தேக்கு, என் தங்கச்சிக்குப் பெட்டிக்கட்டையா? 'கவனம், உடையும் பொருள்'னு வேற எழுதியிருக்கு!"

அவள் சிரித்தாள். தச்சருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் நாற்காலியைத் தூக்கத் தயாரானார்.

"எங்க கொண்டு போறீங்க? இதே போதுங்க. இதுல நல்லாத்தானே தூங்குறேன்."

"இது வெறும் மாதிரி. இதைப் பிரிச்சு வெச்சுத்தான் தேக்குல வரையணும். ஒரு வாரம் பொறுத்துக்கோ."

"அப்ப அதுவரைக்கும் இதே போல இன்னொண்ணு அடிச்சுக் குடுத்துட்டுப் போங்களேன்."

"மாதிரிக்கு ஒரு மாதிரியா? நல்லாருக்குடி உன் நியாயம்!" என்று சிரித்தார். அவளும் சிரித்து, இருமி, "சரி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

அட மனுஷா! பட்டறை மூலையில் உடைத்த பெட்டிகள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. ஒரு காலைப்பொழுது வேலை. வாழ்நாள் முழுக்க, ஒரு மாதிரி செய், அதைப் பிரி, அப்புறம் நல்ல மரம் என்று பழகிய கைக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒரு வாரம் என்றது நீண்டது. அறுத்த கைப்பிடியில் விரிசல் இருந்தது, வேறு மரம் தேட வேண்டியதாயிற்று. அவள் மறுபடியும் தலையணைக்குத் திரும்பினாள். சறுக்கிவிடாமல் இருக்க அவர் தோளைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் இழைத்த அலுப்பில் அவரே முதலில் தூங்கிவிடுவார்.

"எப்பங்க வரும்?" என்பாள்.

"முடிஞ்சிடுச்சு. பாலிஷ் காயணும். இப்பவே உட்கார்ந்தா துணி ஒட்டிக்கும்."

பாலிஷ் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்து வீட்டம்மா பட்டறைக்கு ஓடி வந்தார். தச்சர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் தலையணைகளிலிருந்து சறுக்கி, கட்டிலில் மல்லாந்து கிடந்தாள்.

நாற்காலி இருந்திருந்தாலும் அவள் அதிக நாள் தாங்கியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். இருக்கலாம். டாக்டர் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்தக் கடைசி நாட்களில் தூங்கியாவது இருப்பாளே! அவள் கேட்டதே அது ஒன்றைத்தானே?

வெளியூரிலிருந்து வந்த மகள், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அப்பாவுடன் பட்டறைக்கு வந்தாள். தேக்கு நாற்காலி பளபளவென்று நின்றது. எங்கும் ஒரு பிசிறில்லை. கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா தேக்குல கேட்டாங்களாப்பா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்குப்பா அதைப் பிரிச்சீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "வர்றவங்க போறவங்க பார்க்கிறாங்க. உங்க மாமா பார்த்துட்டுச் சிரிச்சார். இவ்வளவு பெரிய வேலைக்காரன் பொண்டாட்டி பெட்டிக்கட்டையில உட்கார்ந்திருக்காளேன்னு... எனக்கு வெக்கமா இருந்துச்சும்மா."

மகளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் உடைந்துவிட்டது.

"அம்மா போன் பண்ணியிருந்தாங்கப்பா. உங்கப்பா எனக்குன்னே அளவெடுத்து ஒரு நாற்காலி செஞ்சிருக்காரு, உட்கார்ந்தாத் தூக்கம் வந்துடுதுன்னு சொன்னாங்க. தெருவுல இருக்கிறவங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாங்களாம். அவ்வளவு பெருமை அவங்களுக்கு."

"எந்த நாற்காலியை?" என்று கேட்டார் தச்சர், தெரிந்தே.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பட்டறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.