ஒற்றையாக வருகிறவர்கள்

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதுதான் என் பிழைப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காட்டைப் பற்றி நான் சொல்வதெல்லாம் நடந்து நடந்து தெரிந்துகொண்டது. கூட்டமாக வருகிறவர்களிடம் எனக்குப் பயமில்லை. கத்துவார்கள், என் கையில் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள், போய்விடுவார்கள். எத்தனையோ பேர் போனில் நான் எடுத்த படம் இருக்கும். நான் ஒன்றிலும் இருக்கமாட்டேன்.

ஒற்றையாக வருகிறவர்களை நினைத்துத்தான் பயம். தனியாக வந்த ஆளைப் பாறையில் விட்டுவிட்டுத் திரும்பக் கூடாது என்று எங்கள் கைடுகளுக்குள் ஒரு வழக்கம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த ஊரு, சாப்பிட்டாச்சா, அந்தா தெரியுது பாருங்க பெரியகுளம். பதில் வந்தால் பாதி நிம்மதி. குதிக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி வைப்பார்கள்; பாறைமேல் அப்படி ஒரு ஜோடியைப் பார்த்தால் எங்கள் எல்லாருக்கும் பயம்தான். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

போன ஐப்பசியில் ஒரு நாள், லாட்ஜில் சொல்லி ஒரு பெண் தனியாக வந்தாள். முப்பது வயது இருக்கும். கீழே இறங்குகிற வழி முழுக்க "ஆமா", "பரவால்ல" தவிர வாய் திறக்கவில்லை. பாறைக்கு வந்ததும் கூலியைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணா, நீங்க கிளம்புங்க. நான் மெதுவா வந்துக்கறேன்" என்றாள்.

"இல்லம்மா, பாதை வழுக்கும். சேந்தே போவோம்."

"வேணாம்ணா. கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்."

சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றி, சாக்ஸை உள்ளே திணித்து, ஜோடியாக வைத்தாள்.

பத்தடி போனேன், திரும்பி வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். மறுபடி போய், மறுபடி வந்து, மேகம் இறங்குகிறது என்றேன். மூன்றாம் தரம், அம்மா அப்பா இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டேன். அவள் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் போனில் யாரிடமோ பேசினாள். "கைடுதான். போகச் சொன்னாலும் போக மாட்டேங்கறான்."

அதுவரைக்கும் நான் அண்ணன். இவ்வளவு நேரமும் அவளுக்காகப் பயந்தேனே, என்னைப் பார்த்து அவள் பயப்படலாம் என்று ஒருதரம்கூட எனக்குத் தோன்றவில்லை. நிற்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. சற்று மேலே ஆம்லெட் கடை போட்டிருக்கும் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, வெரசா வாங்க. அந்தப் புள்ள ஷூவக் கழட்டி வச்சிருக்கு."

"ஏலே, ஒனக்கு யாரு எதக் கழட்டுனாலும் சாவுதான். போன மாசம் ஒரு பெரியவர் கால் அரிக்குதுன்னு கழட்டுனாரு. அவரக் கட்டிப் புடிச்சு அழுத."

அக்கா திட்டிக்கொண்டேதான் அடுப்பைத் தணித்தது. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கியது.

நான் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் நின்று பார்த்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தது. அந்தப் பெண் டீயை வாங்கிக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசினார்கள். நடுவில் அக்கா சிரிப்பது கேட்டது, பிறகு அவள் சிரிப்பதும். அந்தச் சிரிப்பைக் கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் போகக்கூடாத ஆள் நான் ஒருத்தன்தான்.

அக்கா ஏறி வந்தது. "வீட்டுல ஏதோ மனக்கஷ்டம். அழுதுட்டுத்தான் வந்திருக்கு. அதுக்காகச் சாகவெல்லாம் வரல, நானே கேட்டுட்டேன். ஷூவுக்குள்ள மழைத்தண்ணி போயிருச்சாம். ஒன்னையப் பாத்துத்தான் நடுங்கிக் கெடக்கு. அந்த ஆளு போயிட்டாரான்னு ரெண்டு தரம் கேட்டுச்சு. நீ கெளம்பு, நான் கூட்டியாறேன்."

"ரோட்டுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்கக்கா."

"சரி, போ."

அறைக்கு வந்து ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்குப் போடுகிற நேரத்துக்கு அடித்தது. மிஸ்டு கால் என்றால் அடித்து நிற்கும்வரை விட வேண்டும். நான் எடுத்துவிட்டேன்.

"எடுத்துட்டியா? வண்டி ஏத்தி விட்டுட்டேன்லே. நல்லாருக்கு."

"சாப்பிட்டுச்சா?"

"ரெண்டு ஆம்லெட்."

"அவ்வளவு நேரம் என்னக்கா பேசுனீங்க?"

"அது எங்க பேச்சு. ஒனக்கு எதுக்கு? வேற என்ன?"

வேறு ஒன்றும் இல்லை, போனை வைக்கத்தான் மனம் வரவில்லை. நாளைக்கும் மழை இருக்குமா அக்கா என்று கேட்டேன்.