இரண்டாம் வரிசை, பதினேழாம் நாற்காலி

சீசன் பாஸை என் நாத்தனார் கைப்பையில் வைத்துக்கொள்ள மாட்டார். தோளில் புடவை மடிப்போடு சேர்த்து ஊக்கால் குத்திக்கொள்வார். மஞ்சள் அட்டை, நடுவில் சங்கத்தின் ரப்பர் முத்திரை, கீழே அவர் பெயர், வரிசை, நாற்காலி எண். தசராக் கூட்டம் வடிந்த பிறகு மைசூரில் அந்த வாலிபால் போட்டிகள் தொடங்கும். முதல் நாள் மாலை அவர் சாயந்தரக் காபியைக்கூடக் குடிக்காமல், பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, கக்கத்தில் ஒரு சின்னத் தலையணையுடன் படியிறங்குவார். எதிர்வீட்டுக்காரர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். வருஷத்தில் வேறு எந்த நாளிலும் அவர் நடையில் அந்த வேகத்தை நான் பார்த்ததில்லை.

நான் கொள்ளேகாலில் பிறந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி மைசூர் வந்தேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை. அவருடைய அக்கா, நானும் அக்கா என்றே கூப்பிடும் இந்த நாத்தனார், தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர், பெற்றோர் போன பிறகு தம்பியோடு தங்கிவிட்டார். நான் வரும்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. பகலெல்லாம் மூன்று மொழிகளில் முகம் தெரியாதவர்களுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பேச்சையே நிறுத்திவிடுவார். வாலிபால் பந்தை அவர் கையால் தொட்டதுகூடக் கிடையாது. அலுவலகத் தோழி யாரோ ஒருமுறை அழைத்துப் போக, பார்த்தார், பிடித்துப்போனது. அவ்வளவுதான் கதை.

போட்டியை நடத்திய சங்கம் மைதானத்தைச் சுற்றித் தற்காலிகமாகச் சவுக்குக் கம்பும் பலகையும் கட்டி கேலரி அமைக்கும். களத்தை ஒட்டி மட்டும் சில வரிசை மடக்கு நாற்காலிகள், முதுகில் வெள்ளைப் பெயின்டில் எண்கள். அவை சீசன் பாஸ்காரர்களுக்கு. முந்தைய வருஷம் வைத்திருந்தவருக்கே அடுத்த வருஷமும் அதே நாற்காலி என்பது எழுதப்படாத சட்டம். இரண்டாம் வரிசையில் பதினேழாம் நாற்காலி, வலையின் நேர் எதிரில், என் நாத்தனாருடையது. ஒருமுறை நான் கேட்டேன், இவ்வளவு செலவு செய்து பாஸ் எதற்கு, என்னோடு கேலரியில் உட்கார்ந்தால் ஆகாதா என்று. அவர் சிரித்தார். “ஆபீஸ்ல ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சீட் மாறும். வீட்டுல கட்டிலை விரிச்சா படுக்கை, மடிச்சா ஹால். நான் வர்ற வரைக்கும் காலியா எனக்காகக் காத்துக்கிட்டிருக்கிற இடம் இது ஒண்ணுதாம்மா” என்றார். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி ஹாலைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போகக் கூச்சமாக இருந்தது.

பதினெட்டாம் நாற்காலி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. எல்லோருக்கும் அவர் மேஷ்டரு. கச்சம் கட்டிய வேட்டி, கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் வறுத்த கடலை. அவர் கன்னடத்தில் பேசுவார், அக்கா கன்னடத்தில் தொடங்கி, ஆட்டம் சூடு பிடித்ததும் தன்னையறியாமல் தமிழில் முடிப்பார். இரண்டு பேருக்கும் அது உறைக்காது. காவிரிக் கலவரத்தின்போது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்களில், தினமும் சாயந்தரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி “அம்மாவரே, சௌக்கியமா?” என்று குரல் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். உள்ளே வரமாட்டார். இந்த வீட்டுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

சங்கத்துக்குப் புதிய செயலாளர் வந்த பிறகு ஒவ்வொன்றாக மாறியது. முன்பெல்லாம் பாஸைப் புதுப்பிக்க ஒரு வாரம் அவகாசம் உண்டு. அது ஒரே ஒரு காலைப் பொழுதாகச் சுருங்கியது. அக்கா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வெயிலில் நின்று தன் பாஸை வாங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் பாதி வரிசை நிற்கும்போதே ஜன்னலைச் சாத்திவிட்டு, மிச்சமெல்லாம் விளம்பரதாரர்களுக்குப் போய்விட்டது என்றார்கள். அடுத்த வருஷம் முதல் வரிசைக்கு முன்னால் சோபாக்கள் வந்தன. அவற்றில் உட்கார்ந்தவர்கள் ஆட்டத்தின் நடுவில் எழுந்து கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் கத்தினால் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். பிறகு, இறுதி ஆட்டத்துக்கு சீசன் பாஸ் செல்லாது, தனி டிக்கெட் என்று அறிவிப்பு வந்தது. பாஸ்காரர்கள் கூடிப் பொருமினார்கள். ஆனால் செயலாளரைப் பார்க்கப் போகலாம் என்று அக்கா சொன்னபோது கூட வந்தவர் மேஷ்டரு மட்டும்தான். செயலாளர் அவருடைய பழைய மாணவர். எழுந்து நின்று மேஷ்டருவுக்கு நாற்காலி போட்டார். அக்கா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்” என்றார். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். மைசூரில் பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாணப் பந்தியில் தினமும் காதில் விழும் வார்த்தைகள்தான். வெளியே வந்ததும் மேஷ்டருவும் அதையே சொன்னார்: “நல்ல பையன்தான் அம்மாவரே, அவனுக்கும் என்ன நெருக்கடியோ, இர்லி பிடி.” இருக்கட்டும் விடுங்கள்.

அந்த வருஷம் ஒரு சனிக்கிழமை அரையிறுதி. தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணி அரையிறுதிக்கு வந்திருந்ததால் நானும் கேலரி டிக்கெட் வாங்கிக்கொண்டு அக்காவோடு போனேன். வெளிச்சம் மங்கவில்லை, அதற்குள் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். வாசலைத் தாண்டியதும் அக்கா நின்றுவிட்டார். சோபாக்கள் மூன்று வரிசைக்குப் பெருகியிருந்தன. பழைய இரண்டாம் வரிசை இருந்த இடத்தில் யாருடைய குடும்பமோ, பட்டுப்புடவையும் பாப்கார்னுமாக அமர்ந்திருந்தது. இடம் போன பாஸ்காரர்கள் ஒரு கூட்டமாகக் கயிற்றருகே நின்று சட்டையில் குத்திய அட்டைகளைத் தொண்டர்களிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். செயலாளரே வந்தார். வியர்த்திருந்தார். “இவத்து ஒந்து தினா. இன்றைக்கு ஒரு நாள் மட்டும். எல்லோரும் தெற்கு கேலரிக்கு மேலே போய்விடுங்கள், அட்ஜஸ்ட் மாடி” என்று கைகூப்பினார்.

அக்கா தெற்கு கேலரியை அண்ணாந்து பார்த்தார். கடைசி வரிசையில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். “அங்கே ஏற்கெனவே ஜனம் தொங்குது. பலகை வளையுறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?” என்று கன்னடத்தில் கேட்டார். செயலாளர் அதற்குள் யாரையோ வரவேற்கத் திரும்பிவிட்டார். “எனக்கு ஆட்டமே வேண்டாம், நான் ஏறமாட்டேன்” என்றார் அக்கா தொண்டரிடம். அப்போது விசில் ஒலித்தது. அந்த விசில்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆட்டம் போய்விடுமே என்ற பதற்றம் வந்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராக ஏறத் தொடங்கினார்கள். மேஷ்டருவும் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். “மேஷ்டரே, பேடா! இளீரி!” என்று அக்கா கத்தினார். வேண்டாம், இறங்குங்கள். வெளியூர் டிரங்க் லைனில் கத்திப் பழகிய குரல். பக்கத்தில் நின்ற என் காது அடைத்தது. மேஷ்டரு திரும்பவில்லை. ஆனால் சரி சரி என்பதுபோல் ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். இன்னொரு படி ஏறினார்.

முறிந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு பாயின்ட்டுக்குக் கூட்டம் ஆரவாரித்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசை, களைத்துப்போன ஒருவர் உட்காருவதைப் போல மெல்லத் தாழ்ந்தது. பிறகு அடுத்த வரிசை. அதன் பிறகுதான் அலறல். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அந்தத் தடம் மறுநாளும் இருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பலருக்கு அடி. மேஷ்டருவுக்கு இடுப்பு எலும்பு. வண்டி வரும்வரை அக்கா புழுதியில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தலையணை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தள்ளிவைத்து, இறுதி ஆட்டத்தை நடத்தி முடித்தார்கள். தனி டிக்கெட்டில்.

டிக்கெட் இல்லாதவர்கள் சுவர் ஏறிக் குதித்து கேலரியை நிரப்பியதுதான் காரணம் என்று சங்கம் சொன்னது. போலீஸ் விசாரணைக்கு வந்தபோது, பாஸ் வைத்திருந்தவர்களைத்தான் மேலே ஏற்றினார்கள் என்று சொல்ல அக்கா தயாராக இருந்தார். என் கணவருக்குக் கோபம் வந்தது. “உனக்கு எதுக்குக்கா இது? அடிபட்டவங்களே சும்மா இருக்காங்க. நாம இந்த ஊர்ல எப்படி இருக்கோம்னு மறந்து போச்சா?” என்றார். “மறக்கல. அன்னிக்கு வாசல்ல வந்து நின்னவரு இன்னிக்கு ஆஸ்பத்திரில கிடக்கறாரு. அதுவும் மறக்கல” என்றார் அக்கா. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் எதிர்பாராதது அதன் பிறகு நடந்தது. செயலாளர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் மேஷ்டருவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். சிகிச்சையை முழுக்கச் சங்கமே பார்த்துக்கொண்டது. போலீஸ் கேட்டபோது மேஷ்டரு, என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை, ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று நானே ஏறினேன் என்று சொல்லிவிட்டார். இடுப்பு உடைந்தவர் ஒன்று சொல்ல, ஒரு கீறல்கூட இல்லாதவர் வேறொன்று சொன்னால் யார் பேச்சு எடுபடும்? வழக்கு சத்தமில்லாமல் அடங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் எடுத்துக்கொண்டு போன அக்காவை, மேஷ்டருவின் மகன் வராந்தாவிலேயே நிறுத்தி, அப்பாவை இதில் இழுக்காதீர்கள், இனி வரவேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். அக்கா அந்த பாட்டிலை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து சமையலறை அலமாரியில் வைத்தார். யாரும் அதைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் பாஸைப் புதுப்பிக்கப் போனார். போகாதே என்று நாங்கள் இருவரும் சொன்னோம். ஜன்னலில் இருந்த ஆள் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. “ஆ நம்பர் ஈக இல்லா மேடம்” என்றான். அந்த எண்ணே இப்போது கிடையாதாம். வேறு எண் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டு, அன்றைக்கு எனக்கு முன்னால் அவரே அரிசி களைந்து வைத்தார். அதன்பின் அந்த மைதானத்துப் பக்கம் அவர் போகவில்லை.

இப்போது ஊரில் கான்கிரீட் கேலரிகளும், கழற்ற முடியாதபடி திருகாணி போட்ட பிளாஸ்டிக் இருக்கைகளும் வந்துவிட்டன. டிக்கெட்டைச் செல்போனில் வாங்கலாம், படத்தைப் பார்த்து இடத்தையும் தேர்ந்தெடுக்கலாம். வாங்கப் போகும் நிமிஷத்தில் நல்ல இருக்கைகளெல்லாம் சாம்பல் நிறமாகிப் போய்விடுவதாக என் மகள் எரிச்சல்படுவாள். யாருக்குப் போயின என்று கேட்க ஜன்னல்கூட இல்லை. அக்கா எழுபதைத் தாண்டி எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கென்று ஓர் அறை இருக்கிறது. அங்கே டிவியில் எந்த ஊர் வாலிபால் ஓடினாலும் பார்ப்பார். மேஷ்டரு இறந்து பல காலமாகிறது.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் அந்த அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அக்கா சொன்னார். பாஸ் கிடைக்காத அந்த வருஷம், போட்டியின் முதல் நாள், வேலை முடிந்ததும் அவர் மேஷ்டருவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். மகன் வீட்டில் இல்லை. மேஷ்டரு ஜன்னலோரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மைதானத்தின் ஆரவாரம் அங்கே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் முகத்தைத் திருப்பாமல் சொன்னாராம்: “பலகை வளைவது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது அம்மாவரே. தெரிந்தும் என்னை ஏறவிட்டீர்கள். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.”

நான் துணியை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். “நீங்க கூப்பிட்டீங்களேக்கா! நான் பக்கத்துல இருந்தேனே. அவரு கையைக்கூட ஆட்டினாரு. சொல்லலையா நீங்க?”

“சொல்லல.”

“ஏன்?”

அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“அவருக்கு யார் மேலயாவது கோவப்படணும்மா. அந்தப் பையன் மேல அவரால முடியல, படிக்க வெச்ச பையன். என் மேல முடிஞ்சுது. நானும் இல்லைன்னு சொல்லிட்டா, அவரு எங்க போவாரு?” என்றார்.