சைலன்சர் என்ற பேரை நம்பி

“…சைலன்சர்ல சின்ன ஓட்டைதான். புகையெல்லாம் வெளியிலதான் தங்கச்சி போவுது. உள்ளுக்கு வாறது சத்தம் மட்டும்தான். சத்தம் ஆள என்ன செய்யப் போவுது?” என்று சொல்லிக்கொண்டே நியாஸ் காரின் பின்கதவை அறைந்து மூடினார்.

நாவுல, பிற்பகல் 1.40. நியாஸ் அலுவிகாரைக்காரர், சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுபவர். பின் இருக்கையில் ஸ்டெல்லாவும் அவருடைய நான்கு மாதப் பெண் குழந்தையும். எல்கடுவத் தோட்டத்தில் பிறந்த ஸ்டெல்லா கலியாணம் முடித்து வந்தது நாவுலவுக்கு. குழந்தையை முதன்முதலாகத் தாய்வீட்டு லயத்துக்குக் கொண்டுபோகிறார். எல்கடுவ மலையைப் பார்க்கக் கிளம்பிய என்னை, ஒரே வழிதானே என்று நியாஸ் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார். மாத்தளைக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். அங்கிருந்து எல்கடுவவுக்கு இன்னும் பதினைந்து, எல்லாம் ஏற்றம்.

கார் உறுமியது. சந்தியில் மரக்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், “நியாஸ் நானா, ஒங்களுக்கு ஹோர்ன் எதுக்கு? கழட்டி வித்துருங்க!” என்று கத்தினார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

நாலந்தாவைத் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடிகளை ஏற்றினோம். என் பக்கத்துக் கண்ணாடியை நானேதான் ஏற்றினேன். குழந்தைக்குச் சாரல் படக்கூடாதே!

2.15. “நானா, தல சுத்துது,” என்றார் ஸ்டெல்லா. “வாந்தி வர்ற மாதிரி இருக்கு.”

மலைநாட்டில் இதற்கு எல்லோரிடமும் ஒரே மருந்துதான். நியாஸ் டேஷ்போர்டிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, நகத்தால் கீறிப் பின்னால் நீட்டினார். “வளைவுல அப்பிடித்தான் வரும். இத மோந்துக்கிட்டு வாங்க.” எனக்கும் நெற்றிப்பொட்டில் இடித்தது. நானும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கார் முழுக்க எலுமிச்சை வாசம். வேறு எந்த வாசமும் மூக்குக்கு எட்டவில்லை.

“பாப்பா நல்லாத் தூங்குது போல?” என்று திரும்பிக் கேட்டேன்.

“ஆமாங்க, பாலு குடிக்கிற நேரம் தாண்டிருச்சு. இன்னும் எந்திரிக்கல.” கன்னத்தைத் தட்டினார். உள்ளங்காலைச் சுரண்டினார். பிறகு அவர் குரல் மாறியது. “நானா, வண்டிய நிப்பாட்டுங்க. புள்ள முழிக்க மாட்டேங்குது. நிப்பாட்டுங்க!”

நியாஸ் நிறுத்தவில்லை, மிதித்தார். அலுவிகாரையில் அவருக்குத் தெரிந்த டிஸ்பென்சரிக்கு எவ்வளவு தூரம் இருந்ததோ, நான் கிலோமீற்றர் கல்லைப் பார்க்கவில்லை. போய் நின்றதும் ஸ்டெல்லா மழையிலேயே குழந்தையோடு ஓடினார். டாக்டர் சிங்களவர், நடுவயதுப் பெண். குழந்தையைத் தொடுமுன்பே வாசலைப் பார்த்தார். கார் அங்கே இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

“இதிலயா வந்தது? கண்ணாடி மூடியா?”

“ஓம் டொக்டர், மழை…” என்று நியாஸ் இழுத்தார்.

“அந்த எஞ்சின நிப்பாட்டுங்க!” என்று நியாஸிடம் சீறினார். குழந்தைக்கு ஒக்சிஜன் வைத்தார்கள். சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஆறு நிமிடம். ஏழாவதில் குழந்தை முகம் சுளித்தது. பிறகு அழுதது பாருங்கள், அப்படி ஓர் அழுகை! ஸ்டெல்லா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் விட்டார். “புள்ள சரி. திரும்பத் தூங்கி விழுந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்த ஓட்டையால வந்தது விஷப் புகை. அத அடைக்காம யாரும் கார்ல ஏறக்கூடாது.” நியாஸைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். “சைலன்சர்னு பேரு வச்சதால அதுக்குச் சத்தம் மட்டுமா வேலை?”

எனக்கும் அந்தப் பேர்தான் கண்ணை மறைத்திருந்தது.

3.50. நியாஸின் வீடு இருநூறு மீற்றரில். காரைத் தள்ளிக்கொண்டே போனோம். அவர் மனைவி ஃபரீதா ஸ்டெல்லாவை உள்ளே கூட்டிப்போய் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தார். நியாஸ் ஜெக் வைத்துக் காரின் பின்பக்கத்தைத் தூக்கி, அதை மட்டும் நம்பாமல் பலாக்கட்டைகளையும் முட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே புகுந்தார். குழாய் ஆறியிருந்தது. பின் இருக்கைக்கு நேர் கீழே ஐந்து ரூபாய் நாணயக்குற்றி அளவில் துரு தின்ற ஓட்டை. கம்பிப் பிரஷால் தேய்க்கத் தேய்க்கத் துரு உதிர்ந்து அது பெருத்தது. நான் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். காரின் தரையிலும் ரப்பர் மூடி கழன்ற துவாரம் ஒன்று. புகை வந்த வழி அதுதான்.

ஃபரீதா ஒரு காலிச் செமன் டின்னைக் கழுவிக் கொண்டுவந்தார். இங்கே டின்னில் வரும் எந்த மீனும் செமன்தான். நியாஸ் அதை வெட்டி விரித்து, ஓட்டையைச் சுற்றிச் சூடு தாங்கும் பேஸ்டை அப்பி, தகட்டைச் சுற்றி இரண்டு கிளிப் போட்டு முறுக்கினார்.

“இனி நீங்க ஓடக்கொள்ள ஊருப் பூனையெல்லாம் பின்னால வரும்,” என்றார் ஃபரீதா.

நியாஸ் சிரிக்கவில்லை. “வாய மூடிக்கிட்டுச் சவர்க்காரத் தண்ணி கொண்டாங்க.”

பேஸ்ட் இறுகக் காத்திருந்தோம். பிறகு எஞ்சினைப் போட்டு, வால்குழாயின் வாயில் ஈரத்துணியை ஒரு கணம் அழுத்தி, தகட்டின்மேல் நுரைத்தண்ணீரைத் தெளித்தோம். கீழ் விளிம்பில் குமிழி வந்தது. நியாஸ் கிளிப்பை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். மறுபடி தெளித்தோம். குமிழி இல்லை. தரைத் துவாரத்தையும் அடைத்தார். கார் பூனை மாதிரி முனகியது. அவர் முகத்தில் அன்று மத்தியானத்துக்குப் பிறகு முதன்முறையாக இரத்தம் ஓடியது.

“வாங்க தங்கச்சி. நாலு கண்ணாடியும் தொறந்தே போவோம். குடை தாறேன்.”

5.20. ஸ்டெல்லா குழந்தையைத் தோளில் போட்டபடி படியில் நின்றார். மழை விட்டபாடில்லை. அவர் காரையே பார்த்தார்.

“நீங்க நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க நானா. பூராவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா என்னால ஏற முடியாது. கோவிச்சுக்காதீங்க.”

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். ஃபரீதா என் கையைத் தட்டுவதுபோல் ஒரு பார்வை பார்த்தார். மாத்தளைக்குப் போய்விட்டால் எல்கடுவவுக்கு பஸ் இருக்கிறது. ஆனால் குழந்தை, இரண்டு பை, மழை, மாறி ஏறவேண்டிய நெரிசல்.

நியாஸ் எரிந்து விழுவார் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் முதுகில் ஈரமண் ஒட்டக் கிடந்த மனிதர். அவர் கையைக்கூடத் துடைக்கவில்லை. நேரே ரோட்டுக்கு ஓடினார். மாத்தளை பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்து அதை நிறுத்தினார். கொண்டக்டரிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார். ஜன்னலோரம் இருந்த பெரியவர் எழுந்து இடம்விட்டார். ஸ்டெல்லாவையும் குழந்தையையும் குடைக்குள் கூட்டிவந்து ஏற்றினார். இறங்கி வந்து, “கண்ணாடியத் தொறந்தபடியே பின்னால கொண்டு வாங்க,” என்று கார்ச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸின் மிதிபலகையில் அவரும் ஏறிவிட்டார்.