பாதி ரேகை

போய்ச் சேர்ந்தவரைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன். என் அக்கா புருஷன் ஒரு நாளாவது என்னை என் வீட்டுக் குளியலறையில் நிம்மதியாகக் குளிக்க விட்டதில்லை.

நான் குழாய் ரிப்பேர் செய்கிறவன். சாக்கடையில் கைவிட்டுவிட்டு வீடு திரும்பினால் என் பக்கெட்டில் விமானம் ஊறிக்கொண்டிருக்கும். மாடியில் அவர்கள், கீழே நான். அதை ஊறவைக்கிற லோஷன் வாடை மாடிப் பக்கமே வரக்கூடாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். வேறென்ன, என் தலையில் விடிந்தது.

அத்தான் பஸ் கண்டக்டர். நிஜ விமானத்தில் ஏறியதே இல்லை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற குட்டி விமானங்கள்தான் உயிர். தெருவே அவரை 'பைலட்' என்று கூப்பிட்டது. யாரோ கண்டபடி பெயிண்ட் அப்பித் தூக்கிப்போட்டதை வாங்கி வந்து, தரை துடைக்கிற லோஷனில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் பெயிண்டைத் தேய்த்தெடுத்துப் புதுசாக்குவார். ஆரம்பத்தில் அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரை ஊற்றி ஒரு ஜெட்டை மெழுகாக இளக்கிவிட்டவர். அதற்கப்புறம் எதுவானாலும் ஒரு உடைந்த துண்டில் தொட்டுப் பார்க்காமல் ஊற்றமாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பசை பட்டால் பிளாஸ்டிக் இளகும். அந்த நேரம் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்து இறுகிவிடும். அந்தத் தடத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிப்பார்.

அதில்தான் வினை. கல்யாணமான புதிதில், அவர் டியூட்டிக்குப் போயிருந்தபோது அக்கா தானாகவே ஒரு விமானத்துக்கு இறக்கை ஒட்டி வைத்தாள். கட்டைவிரல் பதிந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அதன்மேல் சிவப்புப் பெயிண்ட். "என் விரலையே தேய்ச்சுப் போட்ட மனுஷன்" என்று சண்டைக்குச் சண்டை அதை இழுப்பாள்.

"தேய்ச்சேனா இல்லையான்னு ஞாபகமே இல்லடி" என்பார் அவர்.

அத்தானின் இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அந்தச் சிவப்பு விமானம் என் பக்கெட்டுக்கு வந்தது.

"இப்ப எதுக்கு அத்தான் இது?"

"தெரிஞ்சுக்கிட்டுப் போயிடறேன் மச்சான்."

"ரேகை இல்லாமப் போச்சுன்னா?"

அத்தான் குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எட்டிப் பார்ப்பார், உட்காருவார், மறுபடி எட்டிப் பார்ப்பார். ஒருவழியாகப் பெயிண்ட் சுருக்கம் விழுந்து மேலே எழும்பியது. பிரஷை எடுத்தவர், தேய்க்காமல் என்னிடம் நீட்டினார்.

"அழுத்தாத. துருப்பிடிச்ச நட்டைத் திருகுற மாதிரி பண்ணிடாத."

மெல்லத் தேய்த்தேன். சிவப்பு போனது. அடியில் சாம்பல் பூச்சு. அதுவும் போனது. வெறும் பிளாஸ்டிக், வழவழவென்று, தேய்த்த தேய்ப்பு நன்றாகவே தெரிந்தது. அத்தான் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சும்மா இருக்கமுடியாமல் இறக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். வழவழப்பு ஓரிடத்தில் நின்றிருந்தது. அதற்கு அப்பால் வளைவு வளைவாகக் கோடுகள்.

அக்காவைக் கூப்பிட்டோம். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள். கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"பாத்தியாடா, பாதியைத் தேய்ச்சிருக்கார்!"

"பாதியை விட்டிருக்கேன்ல?"

"ஏன் விட்டீங்களாம்?"

"அதுதான் ஞாபகம் இல்ல."

அக்கா விமானத்தை வாங்கி, லோஷன் வாடையோடு, ஈரம் சொட்டச் சொட்ட மாடிக்கு எடுத்துப் போனாள்.

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், என் மேசை டிராயர்ல உப்புத்தாள் இருக்கு. எல்லாத்தையும் எடுத்து எங்கயாவது ஒளிச்சு வை. திரும்பி வந்தா என் கை சும்மா இருக்காது."