கடல் தண்ணீர் குடித்த பற்றரி

இன்று காலையிலிருந்து எங்கள் வான் வண்டி செத்துக் கிடக்கிறது.

நில அளவை வேலைக்காக நானும் சாரதி கந்தையாவும் முல்லைத்தீவுக் கரையில் வானுக்குள்ளேயே சமைத்துப் படுத்து இருக்கிறோம். மின்சாரக் கம்பி இந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. விளக்கு, றேடியோ, வானைக் கிளப்புவது எல்லாம் ஒரே பற்றரியில்தான்.

"பற்றரிக்குத் தண்ணி விட்டனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. வடிச்ச தண்ணி முடிஞ்சுது. கடல் தண்ணி விட்டனான்."

"கடல் தண்ணியோ!"

"வற்றாப்பளைக் கோயில்ல அம்மாளின்ர விளக்கு கடல் தண்ணியிலதானே ஐயா எரியுது."



மாலையில் பக்கத்துக் குடிசை மரியம்மாக்கா வந்தார். அவரின் கணவர் நேற்று வள்ளத்தில் கடலுக்குப் போனவர், இன்னும் திரும்பவில்லை.

"தம்பி, றேடியோவில புயல் எண்டு ஏதும் சொன்னவங்களோ?"

"றேடியோ வேலை செய்யாது அக்கா. பற்றரி போச்சுது."

அவர் கறுத்துக் கிடந்த கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். கந்தையா தலை நிமிரவில்லை.

காற்று ஏறிக்கொண்டிருக்கிறது.

வற்றாப்பளைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது அம்மாளிடம் சொல்லிவிடுங்கள். பற்றரியை நாங்கள் கேட்கவில்லை. அந்த வள்ளத்தை மட்டும் கரைக்கு விட்டால் போதும்.