உலைக்குள் இல்லாத கரி

பதுளையிலிருந்து மாற்றலாகி, பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியையாகப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததை எல்லாம் படிப்பிக்கிறேன் என்று யாரோ வலயக் கல்விக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதிவிட்டார்கள். எழுதியது யார் என்று தெரியாததால் பெற்றார் அத்தனை பேர்மீதும் எனக்கு ஒரு சந்தேகக் கண்.

பெற்றார் கூட்டத்தன்று நான் வரைந்த படமொன்று வகுப்புச் சுவரில் இருந்தது. நடுவில் இளம் நட்சத்திரம். அதைச் சுற்றித் தட்டுப்போல வாயுவும் தூசும். அந்தத் தூசு திரண்டுதான் கோள்கள் உருவாகின்றன. தூசில் கரிப்புகைபோலக் காபனும், அதாவது கரியும், உண்டு. ஆனால் நட்சத்திரத்துக்குக் கிட்ட, சூட்டில் அது அழிந்து வாயுவாகிவிடும். தள்ளி, குளிர்ந்த இடத்தில்தான் மிஞ்சும். 'அதனால்தான் பூமியில் காபன் குறைவு' என்று கீழே எழுதியிருந்தேன்.

என் மாணவி ஒருத்தியின் தகப்பன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். தேயிலைத் தொழிற்சாலையில் உலைக்கு விறகு போடுகிறவர்.

"நெருப்புக்குப் பக்கத்துலதானே டீச்சர் கரி இருக்கும்? இது தலகீழா இருக்கே."

நான் பதில் சொல்வதற்குள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். முறைப்பாடு எழுதியவர் இவர்தான் என்று முடிவுகட்டினேன்.

நான்கு நாள் கழித்துப் பாடசாலை விட்ட நேரம் வாசலில் நின்றார்.

"ஒருக்கா பெக்டரிக்கு வந்துட்டுப் போங்க டீச்சர்."

"எதுக்குங்க?"

"வந்து பாருங்களேன்."

அங்கே யாரையோ வைத்து என்னை விசாரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கைப்பைக்குள் கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுத்தான் நடந்தேன்.

அங்கே யாரும் இல்லை. சுத்தம் செய்வதற்காக உலையை அணைத்து ஆறவிட்டிருந்தார்கள். அவர் உள்ளே வெளிச்சம் அடித்துக் காட்டினார். செங்கல் வெளிறிப்போய்க் கிடந்தது. சாம்பல்தான், கரி இல்லை. பிறகு தள்ளிப்போய், சூடு அவ்வளவாக எட்டாத புகைக்குழாயின் மூடியைத் திறந்து கம்பியால் சுரண்டினார். கரி கட்டிகட்டியாக விழுந்தது.

"இத்தன வருசமா நான்தான் சுத்தம் பண்றேன். கவனிச்சதே இல்ல. நீங்க பொய் எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். புள்ளைக்குப் பொய் சொல்லிக்குடுத்தா சும்மா விடலாமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பைக்குள் கைவிட்டு ஒலிப்பதிவை நிறுத்தினேன்.

"சரி, கிட்ட இருந்தது எல்லாம் அழிஞ்சிருச்சுன்னா, நம்ம ஒடம்புல இருக்க காபன் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். தூரத்துல இருந்து வந்து விழுந்த கல்லுங்க கொண்டுவந்திருக்கலாம். உறுதியா யாருக்கும் தெரியாதுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "தெரியாதா, இல்ல சொல்லமாட்டீங்களா?"

"நெசமாவே தெரியாதுங்க."

"அப்ப அதையும் எழுதுங்க டீச்சர். எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதியிருந்ததாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

மறுநாள் காலை படத்தின் கடைசி வரியை அடித்துவிட்டு, 'பூமியில் காபன் ஏன் குறைவு, இருப்பது எங்கிருந்து வந்தது என்று இன்னும் முழுதாகத் தெரியாது' என்று எழுதினேன். அந்தப் பக்கமாக வந்த பாடசாலை அதிபர் நின்று வாசித்தார்.

"ஏன் மாத்துனீங்க?"

"ஒரு பெற்றார் கேட்டாருங்க சேர்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாரு? பேரச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. முறைப்பாடு எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.